‘வேலை உறுதி’ என்ற சொல்லுக்குச் சேமிப்பைக் கொடுக்கலாமா?

கேள்வி: வணிகவியல் படிப்பின் இறுதியாண்டுக்குள் நுழையப் போகிறேன். பகுதி நேரமாகக் கணக்கு எழுதும் வேலை பார்த்து, என் எட்டு மாதச் செலவுக்கு ஈடான தொகையைச் சேர்த்திருக்கிறேன். தரவுப் பகுப்பாய்வு கற்றுத்தரும் ஒரு பயிற்சி நிறுவனம் ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்கிறது. கட்டணம் என் சேமிப்பைப் போல இரண்டு மடங்கு. மீதிக்குக் கடன் ஏற்பாடு செய்து தருவார்களாம். ஓராண்டுக்குத் தவணை கட்ட வேண்டாமாம். இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் சலுகையும் உண்டு. அப்பா சேர்ந்துவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: இந்த வாரம் பணம் கட்டாதீர்கள். சலுகை போனால் போகட்டும்.

அந்தப் பயிற்சி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்க்காமல் சொல்லவும் முடியாது. ஆனால், எட்டு மாதச் செலவைக் கையில் வைத்திருக்கும் ஒரு மாணவர், அந்தப் பணத்தின் உண்மையான பயனை அறியாமல் அதைக் கொடுத்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிறேன். படிப்பு முடிந்த பிறகு வேலை கிடைக்கும்வரை உங்களைத் தாங்கப்போவது அந்தப் பணம்தான். கல்லூரி முடித்தபோது என் கையில் ஒரு மாதச் செலவுக்குக்கூடப் பணம் இல்லை. முதலில் வந்த வேலையை, என்ன வேலை என்று சரியாகக் கேட்காமலே ஏற்றுக்கொண்டேன். அதிலிருந்து வெளியே வர இரண்டு ஆண்டுகள் ஆயின. இது உங்களுக்கு நேர வேண்டாம்.

முதலில் கடனைப் பார்ப்போம். ‘ஓராண்டுக்குத் தவணை இல்லை’ என்றால் வட்டியும் இல்லை என்று பொருளல்ல. கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே இருக்கும். மாதம் ஒரு சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய 100, ஓராண்டு முடிவில் 112.7 ஆகியிருக்கும். அதை மூன்றாண்டுத் தவணையில் அடைத்தால் மொத்தம் 134.7 கட்டியிருப்பீர்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடும். பயிற்சி நிறுவனம் தரும் உறுதி அந்த நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையிலானது. கடன் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது.

அடுத்து, ‘வேலை உறுதி’ என்ற சொல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எந்த நிறுவனம் யாரை எடுக்கும் என்பதைப் பயிற்சி தருபவர் முடிவு செய்ய முடியாது. அந்த உறுதியை எழுத்தில் கேளுங்கள். எது ‘வேலை’ என்று கணக்கில் வரும்? மூன்று மாத ஒப்பந்தமும் வேலைதானா? தொலைபேசியில் பொருள் விற்பதும் அதில் அடங்குமா? எத்தனை நேர்காணலுக்கு அனுப்பிவிட்டால் அவர்களுடைய பொறுப்பு முடிந்துவிடும்? பணம் திருப்பித் தருவதற்கு என்ன நிபந்தனை? அண்மையில் பயிற்சி முடித்தவர்களில் உங்களோடு பேச ஒப்புக்கொள்ளும் மூவரின் தொடர்பைக் கேளுங்கள். விளம்பரத்தில் சிரிப்பவர்களின் தொடர்பு வேண்டாம். நீங்களே தேடிப் பிடித்தவர்கள் என்றால் இன்னும் நல்லது.

பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதும், வேலை வாங்கித் தருவதற்குக் கட்டணம் வாங்குவதும் வேறு வேறு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்று (எண் 181) தனியார் வேலைவாய்ப்பு முகமைகளைப் பற்றியது. முகமைகள் நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் அதன் 7ஆம் பிரிவின் அடிப்படை விதி; விலக்குகள் குறைவு. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் உங்களிடம் கேட்கும் பணத்தில் எவ்வளவு கற்பிப்பதற்கு, எவ்வளவு வேலைக்கு என்று பிரித்துக் கேட்க இது போதுமான காரணம்.

இனி உங்கள் பணத்துக்கும் நேரத்துக்கும் வருகிறேன். எட்டு மாதச் செலவில் ஐந்து மாதச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். படிப்பு முடியும் நாள்வரை அதைத் தொட வேண்டாம். இன்னும் ஒரு மாதத் தொகையை வேலை தேடும் செலவுக்கு ஒதுக்குங்கள்: பயணம், தேர்வுக் கட்டணம், நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ளும் ஒரு நல்ல உடை. மீதி இரண்டு மாதத் தொகைதான் கற்பதற்கு.

எதைக் கற்பது என்பதை விளம்பரம் தீர்மானிக்க விடாதீர்கள். நீங்கள் விரும்பும் பணிக்கான வேலை அறிவிப்புகள் முப்பதைத் திரட்டி, ஒவ்வொன்றும் கேட்கும் திறன்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். பத்தாவது அறிவிப்பிலேயே சில சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அவற்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரி நூலகத்திலும் இணையத்திலும் இலவசமாகவே அவற்றில் பெரும்பகுதி கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் சொன்ன ஒன்று என் கண்ணில் நின்றது: கணக்கு எழுதும் வேலை. நிஜமான ஒரு தொழிலின் வரவு செலவைக் கையால் தொட்டிருக்கிறீர்கள். தரவுப் பகுப்பாய்வு கற்ற பலருக்கு அந்த எண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதை வைத்து, செய்து காட்டக்கூடிய மாதிரி வேலை ஒன்றைத் தயாரியுங்கள். முதலாளியின் கணக்கை வெளியே காட்டக் கூடாது. பொதுத் தரவை எடுங்கள். உலக வங்கி தன் புள்ளிவிவரங்களை 2010 முதல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவைத்திருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு கேள்விக்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுதுங்கள். நேர்காணலில் சான்றிதழை நீட்டுவதைவிட அந்த இரண்டு பக்கம் அதிகம் பேசும். ஆளெடுக்கும் முறைகள் பற்றி 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளிவந்த கட்டுரையும், அதே கேள்வியை மறுபடி ஆராய்ந்த 2022ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைவிட, செய்து காட்டும் மாதிரி வேலையும் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணலும் ஒருவர் பின்னர் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் காட்டுகின்றன.

பணம் செலவழிக்காமல் செய்யக்கூடிய இன்னொன்று, மனிதர்களிடம் பேசுவது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்துவந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். மற்றவர்கள் எப்போதாவது அல்லது அரிதாகவே சந்தித்தவர்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பர்களுக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான் தெரியும். தூரத்து அறிமுகம் வேறொரு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவருகிறது. எனவே இரண்டு ஆண்டு முன்பு படித்துப் போனவர்கள், நீங்கள் கணக்கு எழுதும் இடத்துக்கு வந்துபோகும் தணிக்கையாளர், அப்பாவின் பழைய சக ஊழியர் ஆகியோரைப் பட்டியலிடுங்கள். ‘வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்காதீர்கள். அது அவர்களைச் சங்கடப்படுத்தும். ‘உங்கள் வேலையைப் பற்றி இருபது நிமிடம் பேசலாமா?’ என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒருவர் போதும்.

ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப் வந்தால், உங்களுக்குக் கற்றுத்தரப்போகிறவர் யார் என்று பெயரோடு கேளுங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் போகாதீர்கள். கணக்கு எழுதும் வேலையே மேல்.

கடைசியாக, முதல் வேலையை எடுப்பதா, காத்திருப்பதா என்று அடுத்த ஆண்டு நிச்சயம் தடுமாறுவீர்கள். அப்போது ஒரு கணக்குப் போடுங்கள். மூன்று மாதம் காத்திருந்து 10 சதவீதம் கூடுதல் சம்பளம் கிடைத்தால், இழந்ததை ஈடுகட்டவே வேலையில் சேர்ந்த பிறகு 30 மாதங்கள் ஆகும். 25 சதவீதம் கூடுதல் என்றால் 12 மாதங்கள். வெறும் பத்து சதவீதத்துக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் முதலில் வந்தது நீங்கள் விரும்பும் துறைக்கே தொடர்பில்லாத வேலை என்றால், அந்த ஐந்து மாதத் தொகையை நம்பிக் காத்திருங்கள். அதற்காகத்தான் அதைத் தொட வேண்டாம் என்றேன்.

அப்பாவிடம் ‘மாட்டேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மகளுக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்ற கவலையில் பேசுகிறார். மேலே உள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதி, அவரையும் அழைத்துக்கொண்டு அந்த நிறுவனத்துக்கே போய்க் கேளுங்கள். எழுத்தில் பதில் தந்தால் அதை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்து மறுபடி எழுதுகிறேன்.