விலகியவருக்கும் சேவைக்காலப் பணம் உண்டு

கேள்வி: மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள தோட்டத்தில் 22 வருடங்கள் கொழுந்து பறித்த என் அம்மா, 53 வயதில் முழங்கால் வலியால் தாமாகவே விலகினார். விலகியவருக்குச் சேவைக்காலப் பணம் இல்லையென்று கணக்கப்பிள்ளை கூறுகிறார். உண்மையா, ஐயா?

பதில்: உண்மையல்ல. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடச் சேவையை நிறைவு செய்த எவருக்கும், அவர் தாமாக விலகினாலும், ஓய்வு பெற்றாலும், நிறுத்தப்பட்டாலும் இக்கொடுப்பனவை உரித்தாக்குகிறது. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு 14 நாள் சம்பளம். ஆகவே உங்கள் தாயாருக்கு 308 நாள் சம்பளம் சேர வேண்டும். கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாய் எனக் கொண்டால் அது 4,15,800 ரூபாய். மலையேறித் தேய்ந்த முழங்காலுக்குரிய இத்தொகையை ஒரு வாய்வார்த்தையால் மறுப்பது பெரும் அநீதி.

சேவை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும். தாமதித்தால் 30 சதவீதம் வரை மேலதிகக் கட்டணமும் சேரும். முதலில் தோட்ட நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கை அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சம்பளச் சீட்டுகளுடன் பிரதேசத் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். ஊழியர் சேமலாப நிதி இதிலிருந்து வேறானது. 50 வயதைக் கடந்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெண் என்பதால் அதற்கும் அவர் விண்ணப்பிக்கலாம். அதுவரை, வாசித்து விளங்காத எந்தத் தாளிலும் அம்மாவைக் கைநாட்டு வைக்க விடாதீர்கள்.