ரேடியோசர்ஜரிக்குப் பின் மூளையில் வீக்கம்: புற்று திரும்பிவிட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஹெர்2 வகை மார்பகப் புற்றுநோய். மூளைக்குப் பரவிய 2 கட்டிகளுக்கு 10 மாதம் முன்பு ஒரே நாளில் ரேடியோசர்ஜரி (கட்டியை மட்டும் குறிவைத்துக் கூர்மையாகக் கதிர் பாய்ச்சுவது) செய்தார்கள். 3 வாரத்துக்கு ஒருமுறை டிராஸ்டுஸுமாப் எம்டான்சின் என்ற புற்று மருந்தும் ஏறுகிறது. இப்போது தலைவலி, இடது கையில் டம்ளர் நிற்பதில்லை. எம்.ஆர்.ஐ.யில் ஒரு கட்டி பெரிதாகியிருக்கிறதாம். புற்று திரும்பிவிட்டதா? மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்: ஸ்கேனில் பெரிதாகத் தெரிவதெல்லாம் புற்று இல்லை, அம்மா விஷயத்தில் குறிப்பாக. கதிர் பட்ட திசு செத்து வீங்கும் 'ரேடியேஷன் நெக்ரோசிஸ்' பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள்தான் தலைகாட்டும். இது 10-வது மாதம். கூடவே அம்மாவுக்கு ஏறும் டிராஸ்டுஸுமாப் எம்டான்சினும் இந்த வீக்கத்தைக் கூட்டக்கூடியது.

கதிர் பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர் மெல்ல மெல்லச் சேதமாகிறது. ரத்தம் கிடைக்காத திசு வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்க, குழாய்கள் இன்னும் கசிகின்றன, நீர் தேங்குகிறது. இந்த மருந்து சாதாரணமாக மூளைக்குள் அதிகம் புகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு கதிரால் உடைந்த இடத்தில் புகுந்து, அங்குள்ள ஆஸ்ட்ரோசைட் எனும் மூளையின் துணைச் செல்களை வீங்கவைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. வேறு மருந்துகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. மெலனோமா என்ற தோல் புற்றுக்கான 'பிராஃப் தடுப்பு' மாத்திரைகளை ரேடியோசர்ஜரிக்கு முன்னும் பின்னும் குறைந்தது 1 நாளாவது நிறுத்திவைப்பது அதனால்தான். மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்று மருந்தை முழு மூளைக் கதிர்வீச்சுக்குப் பிறகு கொடுத்தால் மூளையின் வெண்பகுதி கெடும் அபாயம் கூடுகிறது.

கதிர்வீச்சுப் பிரிவில் 'ட்ரீட்மென்ட் சம்மரி' கேட்டு வாங்குங்கள். எத்தனை கிரே (கதிரின் அளவுக்கான அலகு), 'வி12' எவ்வளவு என்று அதில் பாருங்கள். 12 கிரேயோ அதற்கு மேலோ பட்ட மூளைப் பகுதியின் அளவு அது. ஒரே தடவை சிகிச்சையில் வி12 5 மி.லி. என்றால் அறிகுறியோடு நெக்ரோசிஸ் வர ஏறக்குறைய 10 சதவீத வாய்ப்பு, 10 மி.லி. என்றால் 15, 15 மி.லி.யைத் தாண்டினால் 20.

சாதாரண எம்.ஆர்.ஐ.யில் புற்று, நெக்ரோசிஸ் இரண்டுமே ஓரம் பளிச்சிடும் வளையமாகத்தான் தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். வளரும் புற்று தனக்கென்று ரத்தக் குழாய் போட்டுக்கொள்ளும், அங்கே ரத்த அளவு கூடித் தெரியும். செத்த திசுவில் குறைவாக இருக்கும். அப்போதும் பிடிபடாவிட்டால் அமினோ அமில பெட் ஸ்கேன், அல்லது 6 முதல் 8 வாரம் கழித்து அதே மெஷினில் மறுபடி எம்.ஆர்.ஐ. கடைசி வழி பயாப்ஸி, அதாவது திசுவை எடுத்துச் சோதிப்பது. அம்மாவுக்கு ஏறும் புற்று மருந்து ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைக் குறைக்கும், அதனால் அந்த எண்ணிக்கையை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். இதெல்லாம் தெளியாமல் அதே இடத்தில் மறுபடி கதிர் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். நெக்ரோசிஸாக இருந்தால் நிலைமை மோசமாகும்.

நெக்ரோசிஸுக்கு முதல் சிகிச்சை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, பெரும்பாலும் நாளுக்கு 4 முதல் 8 மி.கி. காலையும் மதியமும் சாப்பிட்ட பிறகு கொடுங்கள், ராத்திரி கொடுத்தால் தூக்கம் போகும். சர்க்கரையை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்டீராய்டில் மதியத்துக்கு மேல்தான் ஏறும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை என்றால் தொடைத் தசை இளைக்கிறது, உடனே சொல்லுங்கள். தலைவலி விட்டதென்று நீங்களாக நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டைக் குறைக்கவே முடியவில்லை என்றால் பெவாசிஸுமாப் என்ற மருந்து. குழாய்களைக் கசியவைக்கும் வி.இ.ஜி.எஃப். புரதத்தையே இது கட்டிப்போடும். எடையில் கிலோவுக்கு 7.5 மி.கி., 3 வாரத்துக்கு ஒருமுறை, 4 தடவை என்பது பரிசோதித்த முறை. ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க வேண்டும். ஆபரேஷன் நடந்து 28 நாள் ஆகாமல் போடக் கூடாது.

புற்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பின் மற்ற இடங்களில் நோயைப் பிடித்துவைத்திருப்பது அதுதான். அடுத்த டோஸுக்கு முன் ஆன்காலஜிஸ்ட்டும் கதிர்வீச்சு மருத்துவரும் சேர்ந்து தள்ளிப்போடுவதா, மாற்றுவதா என்று முடிவெடுக்கட்டும். வலிப்பு வந்தாலோ, வாந்தியோடு மயக்க நிலை தெரிந்தாலோ, கை திடீரெனச் செயலிழந்தாலோ அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள். ட்ரீட்மென்ட் சம்மரியும் பழைய எம்.ஆர்.ஐ. சி.டி.க்களும் கையில் இருக்கட்டும்.