1/72 அளவு டாங்க் மாடல், முதல்முறை செய்பவருக்குச் சரிவருமா?

அளவு சின்னது என்றால் வேலையும் குறைவுதானே, 1/72-ல் தொடங்கலாமா, இல்லை நேராக 1/35-க்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1/72-லேயே தொடங்குங்கள். ஆனால் முதல் கிட்டாக (ஒட்டிச் சேர்க்கும் துண்டுகள் அடங்கிய பெட்டி) டைகரை, அதாவது இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் டாங்க்கை மட்டும் வாங்காதீர்கள். நான் வாங்கிப் பட்டவன்.

1/72 என்றால் நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு. 6 அடி என்பது 72 அங்குலம். ஆக, ஆறடி ஆள் இந்த அளவில் சரியாக ஓர் அங்குலம் நிற்பான். பீரங்கிக் குழல் நீட்டிக்கொண்டிருப்பதைக் கழித்தால் டைகர் 1-ன் உடல் சுமார் 6.3 மீட்டர்; 1/72-ல் அது 9 சென்டிமீட்டருக்குள் அடங்கி உள்ளங்கையில் உட்காரும். 1/35-ல் அதுவே 18 சென்டிமீட்டர். அலமாரியில் ஒரு பெரிய மாடலுக்கான இடத்தில் சின்னது நாலு நிறுத்தலாம். (35 என்ற அந்த விநோத எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. டாமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனம், பாந்தர் என்ற ஜெர்மன் டாங்க்கின் மாடலுக்குள் மோட்டாரையும் பேட்டரியையும் அடக்க வேண்டியிருந்தது. அதற்கேற்ப உடலை அமைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய 35-ல் 1 என்று வந்தது. அதுவே பிறகு வழக்கமாகிவிட்டது.)

டைகரில் என்ன சிக்கல்? சக்கரம். ஒன்றோடொன்று கோத்த மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். தொடக்ககால டைகரில் ஒரு பக்கத்துக்கு 8 அச்சு, 24 சக்கரம். கிட்டில் சிலவற்றைச் சேர்த்தே வார்த்திருப்பார்கள் என்றாலும், மிச்சமுள்ள ஒவ்வொன்றின் விளிம்பிலும் வார்ப்பில் விழுந்த கோட்டை உப்புத்தாளால் தேய்த்தாக வேண்டும். மூன்றாவது நாள் எனக்கு வெறுத்தே போய்விட்டது. சோவியத் டாங்க்கான டி-34-ஐ எடுத்தால் பக்கத்துக்கு 5 பெரிய சக்கரம், அவ்வளவுதான். மேலே ட்ராக்கை, அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையைத் தாங்கும் உருளைகளும் அதில் கிடையாது. ட்ராக் சக்கரங்களின் மேலேயே தொய்ந்து கிடக்கும்.

அந்தத் தொய்வைக் கொண்டுவருவதில்தான் பாதி அழகு. ரப்பர் மாதிரி வளையும் ட்ராக் வந்தால், சாதாரண பிளாஸ்டிக் பசை பெரும்பாலும் அதில் பிடிக்காது. வளைத்தால் பெயிண்டும் உதிரும். கெட்டிப் பிளாஸ்டிக்கில், நேர்ப்பகுதி நீளத் துண்டாகவும் வளைவுகளுக்குத் தனித்தனிக் கண்ணியாகவும் வரும் கிட்டைத் தேடி வாங்குங்கள். மேலே போகும் துண்டை ஒட்டியதும், பசை காய்வதற்குள் சக்கரங்களுக்கு நடுவே பல்குத்தியால் மெல்ல அழுத்தினால் போதும், இரும்பின் கனம் வந்துவிடும்.

பசை என்று சொல்கிறோமே தவிர, மாடலுக்கான திரவப் பசை கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்குகிறது. இணைப்பில் தூரிகை நுனியை வைத்தால் இடுக்கு வழியே தானாக ஓடும். அந்த இடுக்கின் மேல் விரல் இருந்தால் விரலுக்கடியிலும் ஓடும். என் டைகரில் பீரங்கியைத் தாங்கிச் சுழலும் கோபுரத்தில் கட்டைவிரல் ரேகை இன்றைக்கும் தெளிவாக இருக்கிறது. தேய்த்து எடுத்திருக்கலாம்; ஞாபகமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பெயிண்ட். நிஜ டாங்க்கின் நிறத்தை அப்படியே அடித்தால் சின்ன மாடல் கறுத்துப்போகும். ஜெர்மன் அடர்சாம்பல் கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும். கொஞ்சம் வெளிர் சாம்பல் கலந்து அடியுங்கள். காய்ந்தபின் நன்றாக நீர்த்த பழுப்புப் பெயிண்டை (வாஷ் என்பார்கள்) இடுக்குகளில் மட்டும் விட்டால் போல்ட்டும் மூடியும் எழுந்து தெரியும். மேலெல்லாம் பூசினால் சேற்றில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிடும்.

கண் தாங்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பூதக்கண்ணாடி வேண்டியதுதான், அதைவிட நல்ல வெளிச்சம் முக்கியம். கண்ணுக்கே தெரியாத கொக்கி ஒன்று சாமணத்திலிருந்து தெறித்துப் போனால் தேடி அலையாதீர்கள். இந்த அளவில் அது இல்லாததை யாரும் கவனிக்கப் போவதில்லை.

குழலின் வாயை மட்டும் விடாதீர்கள், பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். பல கிட்டுகளில் அது அடைத்தபடியே வரும். டி-34-ன் 76.2 மி.மீ. பீரங்கிக்கு இந்த அளவில் சுமார் 1 மி.மீ. துளை வேண்டும். ஊசியால் நடுவில் ஒரு புள்ளி குத்துங்கள். அரை மி.மீ. துரப்பண ஊசியைக் கையாலேயே உருட்டித் துளைத்து, பிறகு பெரிதாக்குங்கள். முதல் புள்ளி பிசகியிருந்தால் அரை மி.மீ.யிலேயே தெரிந்துவிடும், பக்கவாட்டில் சுரண்டி நடுவுக்குக் கொண்டுவர அப்போது இன்னும் இடம் இருக்கும்.