டாலரில் கடன், ரூபாயில் வரவு

கேள்வி: வெளிநாட்டுக் கடனும் மூலதன வெளியேற்றமும் வளரும் நாடுகளின் வளர்ச்சியை எப்படிப் பாதிக்கின்றன?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2013இல் எங்கள் வீதியில் நடந்ததைச் சொன்னாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பக்கத்துக் கம்பெனி அண்ணன் நிட்டிங் மெஷின் இறக்குமதி செய்ய ஒரு லட்சம் டாலர் கடன் வாங்கியிருந்தார். ரூபாய்க் கடனைவிட வட்டி மிகக் குறைவு. மே மாதத் தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய். அமெரிக்க மத்திய வங்கி சந்தையில் புதிதாகப் பணம் விடுவதைக் குறைக்கப் போகிறது என்ற பேச்சு வந்ததும், இந்தியா போன்ற நாடுகளில் போட்ட பணத்தை முதலீட்டாளர்கள் எடுக்க ஆரம்பித்தார்கள்; மூலதன வெளியேற்றம் என்பது இதுதான். ஆகஸ்ட் கடைசியில் டாலர் 68ஐத் தாண்டியது. 54 லட்சமாக இருந்த அசல் 68 லட்சம் ஆகிவிட்டது. "வட்டிதான் குட்டி போடும்னு நெனச்சேன் கண்ணு, இங்க அசலே குட்டி போடுதே" என்று காலண்டர் அட்டையில் கணக்குப் போட்டபடி சொன்னார். எங்கள் கம்பெனிக்கும் டாலர் கடன் இருந்தது. ஆனால் எங்களுக்கு ஏற்றுமதி, வரவும் டாலரில்தான். அவருக்கு முழுக்க உள்ளூர் வியாபாரம்.

நாடுகளுக்கும் இதே கணக்குதான். தாய்லாந்து கம்பெனிகள் டாலரில் கடன் வாங்கி பாங்காக்கில் கட்டடம் கட்டின. வாடகை பாட் நாணயத்தில் வந்தது. 1997 ஜூலை 2ஆம் தேதி பாட்டின் மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதை அரசு கைவிட்டது. டாலருக்கு 25 பாட் என்றிருந்தது, ஆறே மாதத்தில் 50ஐத் தாண்டியது.

சரி, வளர்ச்சி எங்கே அடிபடுகிறது? நம் 1991ஐப் பாருங்கள். வெளிநாடுவாழ் இந்தியர்கள் டெபாசிட்டை எடுக்க, கையில் இருந்த டாலர் சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. 47 டன் தங்கம் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகுக்குப் போனது. அதற்கு முன்பே, இறக்குமதி செய்வோர் முன்கூட்டி ரொக்கம் கட்ட வேண்டும் என்று நெருக்கிவிட்டார்கள். மூலப்பொருளும் உதிரிபாகமும் வராமல் தொழிற்சாலை எப்படி ஓடும்? அந்த ஆண்டு வளர்ச்சி 1 சதவீதத்தை ஒட்டி இறங்கியது.

மூலதன வெளியேற்றம் என்றதும் பங்குச்சந்தைதான் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிடக் கோபம் வருவது இன்வாய்ஸில் நடக்கும் வெளியேற்றத்தைப் பார்த்துத்தான். பத்து டாலர் சரக்குக்கு எட்டு டாலர் என்று பில் போட்டு, மீதி இரண்டை வெளிநாட்டுக் கணக்கிலேயே நிறுத்திவிடுவது. வரி போகிறது. நாட்டுக்கு வர வேண்டிய டாலரும் போகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப அரசு மறுபடியும் டாலரிலேயே கடன் வாங்குகிறது. கடன் ஏற ஏற, நாணயம் விழும் என்ற பயத்தில் இன்னும் நாலு பேர் பணத்தை வெளியே அனுப்புகிறார்கள்.

மெக்சிகோவில் இது பச்சையாகவே நடந்தது. அமெரிக்க வங்கிகளிடம் அரசு கடன் வாங்கிக்கொண்டிருந்தபோதே, வசதி படைத்தவர்கள் பெசோவை டாலராக்கி அதே அமெரிக்காவில் டெபாசிட் செய்தார்கள். 1982 ஆகஸ்ட்டில் கடனைக் கட்ட முடியவில்லை என்று அரசு கைவிரித்தது. பெசோ விழ விழ, வெளியே இருந்த டாலர்களின் மதிப்பு உள்ளூரில் ஏறியது. கூலிக்காரர்களிடம் இருந்ததோ பெசோ மட்டும்; விலைவாசியோடு பார்த்தால் அவர்கள் கூலி அந்தப் பத்தாண்டில் வெகுவாகத் தேய்ந்துபோனது.