பாட்டு எழுதும்போது எதுகைச் சொற்களை எப்படித் தேடுவது?

தொழில்முறைப் பாடலாசிரியன் இல்லை நான். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் நண்பர்களின் மெட்டுக்கும் எழுதிப் பழகியவன்.

முதலில் எழுதிய பாட்டில் எல்லா வரியும் 'வருகிறாய், தருகிறாய், சிரிக்கிறாய்' என்றே முடிந்தது. மெட்டுப் போட்ட நண்பன், "வினைமுற்றை அடுக்கி வச்சிருக்கே, பாட்டு எங்கடா?" என்றான். தமிழில் விகுதிகள் தாமாகவே ஒத்துப்போகும். அதனால் வரிக் கடைசியில் வரும் இயைபு ரொம்பச் சுலபம், சீக்கிரம் சலித்தும் போகும். தேட வேண்டியது வரியின் தொடக்கத்தில்.

எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டும், முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடிலாக இருக்க வேண்டும். குறளில் 'கற்க', 'நிற்க' போல. 'காற்று'க்குப் 'பற்று' சேராது.

நான் செய்வது இதுதான். 'காற்று' என்று எழுதி, 'ற்று' என்பதை அப்படியே வைத்துக்கொண்டு முதலெழுத்தை மட்டும் உயிர், க, ச, த, ந, ப, ம, வ என்று வரிசையாக மாற்றுவேன். ஆற்று, ஊற்று, ஏற்று, கீற்று, கூற்று, சாற்று, சேற்று, தூற்று, தேற்று, தோற்று, நாற்று, நேற்று, போற்று, மாற்று, வேற்று. காற்றோடு சேர்த்து 16 ஆயிற்று. அப்படியும் சிக்கினால் இரண்டாம் எழுத்துக்குப் பதில் அதே இனத்து (வல்லினம், மெல்லினம், இடையினம்) வேறு எழுத்துக்குப் போகலாம். 'அன்பீனும்' என்பதற்கு 'நண்பென்னும்' என்று வள்ளுவரே மெல்லினத்துக்கு மெல்லினம் போட்டிருக்கிறார்.

சாதாரண அகராதி முதலெழுத்து வரிசையில் இருப்பதால் முதலெழுத்து ஒன்றி வரும் மோனைக்கு உதவும், எதுகைக்கு உதவாது. (மோனையில் ச-த, ஞ-ந, ம-வ ஆகியவையும் தமக்குள் சேரும் என்பது ஒரு சலுகை.) எதுகைக்கென்றே வேறு நூல்கள் உண்டு. பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி எதுகை வரிசையில்தான் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதியான தொடையகராதி முழுக்க எதுகைச் சொற்களின் தொகுப்பு. பழஞ்சொற்கள் நிறைய இருக்கும், சினிமா மெட்டுக்கு எல்லாம் ஆகாது. ஆனாலும் புரட்டினால் மறந்துபோன நல்ல சொல் ஒன்றாவது கண்ணில் படும்.

இன்னொன்று, ஒரு சொல்லுக்காகப் பட்டியல் போடாதீர்கள். பட்டியலைப் போட்டுவிட்டு, எந்த இரண்டு சொற்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று பாருங்கள். அத்தை மகள் கல்யாணப் பாட்டுக்குக் 'காற்று' என்றுதான் தொடங்கினேன். பட்டியலில் 'நாற்று'ம் 'வேற்று'ம் கண்ணில் பட்டதும் காற்றையே விட்டுவிட்டேன்:

நாற்று ஒன்று நடக்குது
வேற்று மண்ணில் வேர்விட

இரண்டு வீடும் நெல் விளையும் ஊர்களில்தான். பாடி முடித்ததும் அத்தை எழுந்து பந்திப் பக்கம் போய்விட்டார், கண்ணைத் துடைக்க.