மைனர் லீக் பேஸ்பால் வீரர்களின் சம்பளம் இரட்டிப்பான பிறகு, இளம் வீரர்களை வைத்து நடக்கும் டிரேடுகளில் ஏதாவது மாறியிருக்கிறதா?

டிரேடுகளைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை என்பதே என் பதில். வீரர் சங்கமும் மேஜர் லீக் நிர்வாகமும் 2023-ஆம் ஆண்டு கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம், மேஜர் லீகுக்குக் கீழே இளம் வீரர்களை வளர்க்கும் கிளை அணிகளில், அதாவது மைனர் லீகில், ஆடுபவர்களின் வயிற்றுப்பாட்டை மாற்றியது. அவர்கள்மீது அணிகளுக்கு இருக்கும் உரிமையை அது லேசாகத்தான் தொட்டது. அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடில் விலை பேசப்படுவது அந்த உரிமை என்பதால், சம்பளம் இரண்டு மடங்கானாலும் மூன்று மடங்கானாலும் பேரம் பழையபடியே நடக்கும்.

கிரிக்கெட் வழியாக இதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல்லில் சஞ்சு சாம்சன் சென்னைக்கும் ஜடேஜா ராஜஸ்தானுக்கும் போனபோது, அந்த மாற்றத்துக்கு வீரர்களின் சம்மதமும் விதிப்படி தேவைப்பட்டது. அமெரிக்க பேஸ்பாலில் அப்படி இல்லை. மேஜர் லீகில் பத்து ஆண்டுகளை முடித்து, அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகளையும் ஒரே அணியில் கழித்தவர்களும், தங்கள் ஒப்பந்தத்திலேயே தடை எழுதி வாங்கியவர்களும் மட்டுமே டிரேடை மறுக்க முடியும். மைனர் லீகில் இருக்கும் இருபது வயதுப் பையனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. தொலைபேசி அழைப்பு வரும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

சம்பளக் கணக்கைப் பார்ப்போம். மைனர் லீகின் உச்சப் படியான ட்ரிபிள் ஏ நிலையில் ஆண்டுக்கு 17,500 டாலராக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 35,800 ஆனது. அடுத்த படியான டபுள் ஏ நிலையில் 13,800 என்பது 30,250 ஆனது. அதற்கும் கீழே உள்ள ஹை ஏ, சிங்கிள் ஏ இரண்டிலும் 11,000-ஆக இருந்தது முறையே 27,300, 26,200 என்று உயர்ந்தது. அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் பயிற்சி வளாகங்களில் ஆடும் தொடக்கநிலை வீரர்களுக்குத்தான் பெரிய தாவல்: 4,800-இலிருந்து 19,800. இந்தப் பழைய தொகைகளே 2021-இல் ஒருமுறை உயர்த்தப்பட்ட பிறகு வந்தவை. அதற்கு முன்பு ட்ரிபிள் ஏ வீரரின் குறைந்தபட்சம் வாரத்துக்கு 502 டாலர், அதுவும் ஆட்டப் பருவத்தின் வாரங்களுக்கு மட்டும். மார்ச் மாதப் பயிற்சி முகாமுக்குச் சம்பளமே கிடையாது.

அந்த 502 டாலர் காலத்தில் நான் வட கரோலினாவின் டர்ஹம் பக்கம் வேலையில் இருந்தேன். டாம்பா பே ரேஸ் அணியின் ட்ரிபிள் ஏ கிளையான டர்ஹம் புல்ஸ் ஆடும் மைதானத்தில், இடது பக்கச் சுவருக்கு மேலே ஒரு பெரிய காளை மாட்டின் உருவப்பலகை நிற்கும். ஹோம் ரன் விழுந்தால் அதன் கண்கள் சிவப்பாக எரியும், மூக்கிலிருந்து புகை வரும். பந்து காளையின்மேல் பட்டால் அடித்தவருக்கு ஒரு ஸ்டேக் இலவசம், கீழே வரைந்திருக்கும் புல்லில் பட்டால் சாலட் என்று அதிலேயே எழுதியிருக்கும். கூட்டம் சிரித்து ரசிக்கும் வேடிக்கைதான்; ஆனால் மேஜர் லீகுக்கு ஒரே ஒரு படி கீழே நிற்பவர்களுக்கு ஒருவேளை நல்ல சாப்பாடு உண்மையிலேயே ஒரு பரிசாக இருந்த காலம் அது என்பதும் எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

இந்த நிலை தானாக மாறவில்லை. ஜயண்ட்ஸ் அணியின் மைனர் லீகில் பிட்சராக (பந்து எறிபவராக) இருந்துவிட்டுச் சட்டம் படித்த காரெட் ப்ரோஷுயிஸ், ஆரன் சென் உள்ளிட்ட முன்னாள் வீரர்களுக்காக 2014-இல் குறைந்தபட்ச ஊதிய வழக்கைத் தொடுத்தார். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2018 மார்ச்சில், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் நீண்ட ஒரு செலவின மசோதாவுக்குள் ஒரு சிறு பிரிவாக, மைனர் லீக் வீரர்களைக் கூடுதல் நேர ஊதியச் சட்டத்திலிருந்து விலக்கிவைக்கும் விதி நுழைக்கப்பட்டு நிறைவேறியது. அதற்கு ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்போம்’ என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆனாலும் வழக்கு நின்றது, 2022-இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் மேஜர் லீக் வீரர்களின் சங்கம் மைனர் லீக் வீரர்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் வந்தது.

உயர்வால் அணிகளுக்கு எவ்வளவு செலவு என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒவ்வொரு நிலையிலும் கூடிய தொகை 15,000 டாலருக்கும் 18,300 டாலருக்கும் இடையில் இருக்கிறது. ஓர் அணி அமெரிக்காவுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்கள் 165 பேர். பெருக்கினால் ஆண்டுக்கு இருபத்தைந்து லட்சத்திலிருந்து முப்பது லட்சம் டாலர் வரை வரும். 2023-இல் மேஜர் லீகின் குறைந்தபட்ச ஊதியம் 7,20,000 டாலர். அதாவது, 165 பேரின் வாழ்க்கையைச் சீராக்க ஆன கூடுதல் செலவு, மேலே பெஞ்சில் உட்காரும் நான்கு பேரின் சம்பளத்துக்குச் சமம். உள்ளூர் மைனர் லீக் அணியின் முதலாளியால் இதைத் தாங்க முடியாது என்ற வாதமும் செல்லாது, ஏனென்றால் அவர் டிக்கெட் விற்று மைதானத்தை நடத்துபவர் மட்டுமே. வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது எப்போதும் மேலே இருக்கும் தாய் அணிதான். ஆக, பழைய சம்பளம் இயலாமையால் வந்ததன்று. கேட்க ஆளில்லாததால் வந்தது.

இனி டிரேடுக்கு வருகிறேன். ஒரு வீரர் மேஜர் லீகில் ஆறு ஆண்டுச் சேவையை முடித்தால்தான் தன் விருப்பப்படி அணி தேடலாம். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியம், அதன்பின் நடுவர் மூலம் முடிவாகும் ஊதியம். அதற்கு முன்பு மைனர் லீகில் கழியும் ஆண்டுகளையும் சேர்த்தால், பத்தாண்டுகளுக்கு மேலாகவும் ஒருவர் அணியின் பிடியில் இருக்கலாம். இளம் வீரருக்கு டிரேடு சந்தையில் இருக்கும் மதிப்பு முழுவதும் இந்த மலிவான ஆண்டுகளின் மதிப்புதான்.

2022 ஆகஸ்டில் நடந்த வான் சோட்டோ டிரேடை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தை அவர் மறுத்ததும், வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை சான் டியேகோ பாட்ரேஸுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்தவர்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர் இருவரும் ஏற்கெனவே மேஜர் லீகைத் தொட்டவர்கள். கூடவே வந்த ஜேம்ஸ் வுட் அப்போது பத்தொன்பது வயதில் சிங்கிள் ஏ நிலையில் ஆடிக்கொண்டிருந்தார். 2024-இல் சோட்டோ யாங்கீஸுக்காக 3.1 கோடி டாலர் ஊதியத்தில் ஆடினார். வுட் அந்த ஆண்டு ஜூன் இறுதி வரை ட்ரிபிள் ஏ விகிதத்தில் சம்பளம் வாங்கிவிட்டு, ஜூலை 1 அன்று வாஷிங்டனுக்காக முதல் ஆட்டம் ஆடினார். அடுத்த ஆண்டே ஆல் ஸ்டார் அணியில் இடம்பிடித்தார். நீண்டகால ஒப்பந்தம் எதுவும் போடாவிட்டாலும் 2030 பருவம் முடியும் வரை அவர் நேஷனல்ஸின் கையில்தான் இருப்பார். மைனர் லீக் ஊதியம் 35,800-ஆக இல்லாமல் ஒரு லட்சமாகவே இருந்திருந்தாலும் இந்தப் பேரத்தில் ஒரு பெயரும் மாறியிருக்காது.

ஒரே ஆள் எத்தனை கை மாறலாம் என்பதற்கு ட்ரூ தார்ப் என்ற பிட்சர் நல்ல உதாரணம். யாங்கீஸ் 2022-இல் தேர்ந்தெடுத்த அவரை, 2023 டிசம்பரில் இதே சோட்டோவைப் பெறுவதற்காக சான் டியேகோவுக்குக் கொடுத்தார்கள். பாட்ரேஸுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடுவதற்குள், அடுத்த மார்ச்சில், டிலன் சீஸுக்காக அவரைச் சிகாகோ வைட் சாக்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூனில் மேஜர் லீகில் அறிமுகமானார். 2025-இல் முழங்கை அறுவைச் சிகிச்சை. இளம் பிட்சர்களை நம்பி ஒரு நட்சத்திரத்தைக் கொடுக்கும் அணி எவ்வளவு பெரிய சூதாட்டத்தில் இறங்குகிறது என்பதும் இதில் தெரியும். என்னைக் கேட்டால், டிரேடு நடந்த மறுநாளே யார் வென்றார் என்று மதிப்பெண் போடும் கட்டுரைகளைப் படிப்பது நேர விரயம்.

சம்பளம் டிரேடைத் தொடவில்லை என்றாலும், சம்பளமின்மை இளம் வீரர்களின் வாழ்க்கையில் வேறொரு சந்தையைத் திறந்துவிட்டது. ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரை 2016-இல், அமெரிக்காவில் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, வைட் சாக்ஸ் பாட்ரேஸுக்கு அனுப்பியது. பதிலுக்குப் பெற்றவர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற மூத்த பிட்சர். அதன்பிறகு, மைனர் லீகில் இருந்தபோதே, பிக் லீக் அட்வான்ஸ் என்ற நிதி நிறுவனத்திடம் முன்பணம் பெற்றுக்கொண்டு, எதிர்கால வருமானத்தில் ஒரு பங்கை டாட்டிஸ் எழுதிக் கொடுத்தார். 2021-இல் அவர் 34 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது அந்தப் பங்கின் கனம் தெரிந்தது. 2025-இல், அந்த நிதி நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் செல்லாது என்று வழக்குத் தொடுத்தார். வீரர் மேலே வராமல் போனால் நிறுவனத்துக்குப் பணம் திரும்பாது என்பதால் அதை வெறும் கந்துவட்டி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால், நல்ல உணவுக்கும் பயிற்சியாளருக்கும் கையில் காசில்லாத பதினெட்டு வயதுப் பையன் தன் எதிர்காலத்தில் ஒரு துண்டை விற்கத் துணிந்ததற்கு, தாய் அணி கொடுத்த கூலியும் ஒரு காரணம் இல்லையா?

மைனர் லீகின் அமைப்பில் வந்த மாற்றம் இதைவிடக் கடுமையானது. 2020-இல் பெருந்தொற்றால் மைனர் லீக் பருவம் முழுவதும் ரத்தானது. மேஜர் லீகுக்கும் மைனர் லீக் அணிகளுக்கும் இடையே இருந்த பழைய ஒப்பந்தமும் அந்த ஆண்டோடு முடிந்தது. 2021-இல் மேஜர் லீக் நிர்வாகம் 160 கிளை அணிகளை 120-ஆகக் குறைத்தது. முப்பது தாய் அணிகளுக்கும் தலா நான்கு. ஃபிரெஸ்னோ போன்ற பெரிய ஊர் ட்ரிபிள் ஏ நிலையிலிருந்து ஒரேயடியாக சிங்கிள் ஏ நிலைக்கு இறக்கப்பட்டது. பயனியர் லீக் முழுவதும் தாய் அணிகளின் தொடர்பை இழந்தது. இந்தியாவில் பலர் கேள்விப்பட்டிருக்கும் ரிங்கு சிங், 2008-இல் ஒரு வேகப்பந்துப் போட்டியில் வென்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் சேர்ந்தவர் (கொல்கத்தா பேட்ஸ்மேன் வேறு ஆள்), சிங்கிள் ஏ நிலையில் ஆடியது வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக. நாற்பது அணிகள் கழிக்கப்பட்டபோது அதுவும் கழிந்து, பெயர் மாறி, இப்போது தனி லீக் ஒன்றில் ஆடுகிறது.

கூடவே, புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வும் 40 சுற்றிலிருந்து 20 சுற்றாகச் சுருங்கியது. மைக் பியாசா 1988-இல் 62-ஆவது சுற்றில் தேர்வாகி, பிறகு புகழ்மன்றம் வரை போனவர். அவரைப் போன்றவருக்கு இன்று சுற்றே கிடையாது. ஓர் அணி அமெரிக்காவுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்களின் உச்சவரம்பும் 2024-இல் 180-இலிருந்து 165 ஆனது. சம்பளம் உயர்ந்ததற்கும் இடங்கள் குறைந்ததற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் நாற்பது அணிகளை வெட்டும் திட்டம் சங்கம் அமைவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பதினைந்து இடங்கள் பேச்சுவார்த்தை மேசையில் கொடுக்கப்பட்டவைதான்.

உண்மையில் பயன்பெற்றவர்கள், டிரேடுச் செய்திகளில் பெயர் வராதவர்கள். 2023-இல் முதலாவதாகத் தேர்வான பால் ஸ்கீன்ஸுக்குக் கையொப்பத் தொகையே 92 லட்சம் டாலர். அவருக்கு மாதச் சம்பளம் ஒரு பொருட்டில்லை. பதினெட்டாம் சுற்றில் வந்து, சில ஆயிரம் டாலரோடு தொடங்கியவருக்குத்தான் குளிர்காலத்தில் கிடங்கில் பெட்டி தூக்காமல் பயிற்சி செய்யும் வாய்ப்பு வந்திருக்கிறது. 2022 முதல் அணிகளே தங்குமிடம் கொடுக்க வேண்டும் என்றானதும் டிரேடில் அகப்படுபவருக்குப் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் பழைய ஊரில் வாடகை ஒப்பந்தம் கழுத்தில் தொங்க, புதிய ஊரில் ஐந்து பேரோடு காற்றடைத்த மெத்தையில் படுத்தவர்கள் உண்டு. பத்தொன்பது வயதிலோ அதற்குப் பிறகோ கையெழுத்திடுபவர்களை மைனர் லீகில் பிடித்துவைக்கும் காலமும் ஏழு ஆண்டிலிருந்து ஆறாகக் குறைந்திருக்கிறது. உரிமை என்ற பக்கத்தில் கிடைத்த குறிப்பிடத்தக்க சலுகை அது ஒன்றுதான்.

டொமினிகன் குடியரசில் கோடைக்கால லீகில் ஆடும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் இந்த ஒப்பந்தத்துக்குள் வரவே இல்லை. டாட்டிஸ் போன்றவர்கள் புறப்படும் இடம் அதுதான். அவர்களை வைத்தும் டிரேடு நடக்கிறது. இந்தக் கூட்டு ஒப்பந்தத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிந்து அடுத்த பேச்சு தொடங்கும்போது சங்கம் முதலில் கேட்க வேண்டியது அவர்களைச் சேர்ப்பதைத்தான் என்பது என் கருத்து. 120 கிளை அணிகளுக்கும் 2021-இல் கொடுக்கப்பட்ட பத்தாண்டு உரிமங்கள் 2030-உடன் முடிகின்றன. எத்தனை ஊர்கள் மிஞ்சும் என்ற பேரம் அப்போது தனியாக நடக்கும்.