உப்பிட்டவரை மதிப்பிட முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அரசுத் திட்டம் ஒன்று பயன் தந்ததா என்று ஆராய, சுதந்திரமான மதிப்பீட்டாளர் என்ற பெயரில் ஒரு கலந்தாலோசனை நிறுவனத்தை அமர்த்துகிறார்கள். அதற்குப் பணம் கொடுப்பதோ அதே துறை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த நாட்டில் அவர்கள் எப்படிக் குறை சொல்வார்கள்?
– வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. இருந்தாலும், பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதைக் காட்டிலும் எந்த நிபந்தனையின் பேரில் கைமாறுகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். இத்தகைய ஒப்பந்தங்களில் தொகை பெரும்பாலும் தவணைகளாகப் பிரிக்கப்படுகிறது: தொடக்க அறிக்கைக்கு ஒரு பங்கு, வரைவு அறிக்கைக்கு ஒரு பங்கு, இறுதி அறிக்கையைத் துறை ஏற்றுக்கொண்ட பிறகு மீதி. அந்த ‘ஏற்றுக்கொண்ட பிறகு’ என்ற இரண்டு சொற்களில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. வரைவில் ‘இலக்கு எட்டப்படவில்லை’ என்றிருந்த வாக்கியம், துறை அலுவலர்களுடன் இரண்டு மூன்று அமர்வுகள் நடந்து முடிந்ததும், ‘மேலும் வலுப்படுத்த வாய்ப்புள்ளது’ என்று இளகிவிடுவதுண்டு. இதற்கு யாரும் கையூட்டு வாங்க வேண்டியதில்லை, யாரும் மிரட்ட வேண்டியதுமில்லை. நிலுவையில் இருக்கும் கடைசித் தவணையும் அடுத்த ஆண்டு வரவிருக்கும் ஒப்பந்தப்புள்ளியுமே போதும்.

ஆகவே, திட்டத்தை நடத்தும் துறை ஒன்றாகவும் மதிப்பீட்டை ஒப்படைக்கும் அமைப்பு வேறொன்றாகவும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்ட 1952-ஆம் ஆண்டிலேயே, திட்டக் கமிஷனின் கீழ் திட்ட மதிப்பீட்டு அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. ஆனால் அது திட்டம் வகுத்தவர்களின் கூரைக்கு அடியிலேயே இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க உருவாக்கப்பட்ட சுதந்திர மதிப்பீட்டு அலுவலகம், அஜய் சிப்பரைத் தலைமை இயக்குநராகக் கொண்டு இயங்கத் தொடங்கி, 2014-இல் திட்டக் கமிஷனையே கலைத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. அந்த ஆண்டு சுதந்திர தின உரையில் பிரதமர் திட்டக் கமிஷனின் முடிவை அறிவித்தார். அடுத்த சில வாரங்களில் சிப்பரும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2015 செப்டம்பரில் பழைய அமைப்பும் இந்த அலுவலகமும் ஒன்றாக்கப்பட்டு, திட்டக் கமிஷனுக்குப் பதிலாக வந்த நிதி ஆயோக்கின் கீழ் மேம்பாட்டுக் கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலகம் ஆயின. தன் பரிந்துரை ஏற்கப்பட்ட கையோடு தானும் மறைந்த அலுவலகம் வேறு ஏதேனும் உண்டா என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. இன்றைய அமைப்பு திறமையாக வேலை செய்யலாம். மத்திய நிதியுதவித் திட்டங்களை வெளி நிறுவனங்களைக் கொண்டு பெரிய அளவில் மதிப்பிட்டும் இருக்கிறது. எனினும், சுதந்திரம் என்ற சொல் அதன் பெயர்ப் பலகையிலிருந்து போய்விட்டது.

கேள்வி: சி.ஏ.ஜி. தணிக்கை இருக்கும்போது தனியார் மதிப்பீட்டாளர் எதற்கு?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டும் வெவ்வேறு வேலைகள். அரசமைப்புச் சட்டத்தின் 148-ஆம் பிரிவால் காக்கப்பட்ட சி.ஏ.ஜி., அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், செலவு விதிப்படி நடந்ததா என்றும், செயல்திறன் தணிக்கையில் நோக்கம் நிறைவேறியதா என்றும் பார்க்கிறார். அவருடைய அறிக்கை சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வைக்கப்பட்டே ஆக வேண்டும். ஒரு குழந்தை நன்றாகப் படிப்பதற்குக் காரணம் இந்தத் திட்டமா, அல்லது திட்டமே இல்லாவிட்டாலும் அவள் அப்படித்தான் படித்திருப்பாளா என்ற கேள்விக்குக் கோப்புகளை மட்டும் புரட்டி விடை காண முடியாது. அதற்கு ஒப்பீடு வேண்டும்.

கேள்வி: அப்படி உருப்படியாக நடந்த மதிப்பீடு ஒன்றையாவது காட்டுங்கள்.
– வாசகர், விழுப்புரம்

பதில்: உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். 2021 அக்டோபரில் மரக்காணத்தில் தொடங்கி வைக்கப்பட்ட, உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலை நேர மையங்களில் பாடம் நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கொரோனாவுக்கு முன்பே, 2019-இல், தமிழகக் கிராமங்களில் குழந்தைகளின் கற்றல் நிலையை அவர்கள் அளந்து வைத்திருந்தது அவர்களுடைய நல்வாய்ப்பு. பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்த பின், 2021 டிசம்பரில் அதே கிராமங்களில் அளந்தபோது, முன்பு அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இப்போதைய பிள்ளைகள் கணிதத்திலும் மொழியிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் மாலை நேர மையங்களின் பங்கு சுமார் 24 சதவீதம் என்று ஆய்வு கணக்கிட்டது.

அந்த 24-ஐச் சற்று நின்று கவனியுங்கள். திட்டத்தைப் புகழ விரும்புகிறவருக்கு அது குறைவாகத் தோன்றும். மீட்சியின் பெரும்பகுதி பள்ளிகள் திறந்ததோடு சேர்ந்தே வந்தது என்பதையும் அதே எண்தான் சொல்கிறது. திட்டத்தை இகழ விரும்புகிறவருக்கோ அது கூடுதல்: உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலையில் எடுத்த வகுப்புகள் கால் பங்குக்கு நெருக்கமாக மீட்டுத் தந்திருக்கின்றன. இரு தரப்புக்கும் முழு மகிழ்ச்சி தராத ஓர் எண்ணைக் கண்டால் எனக்கு அந்த ஆய்வின் மேல் நம்பிக்கை கூடுகிறது. திட்டம் முடிந்த பிறகு ஆள் அமர்த்தி, பயனாளிகளிடம் ‘திருப்தியா?’ என்று மட்டும் கேட்டு எழுதப்படும் அறிக்கைகளால் இத்தகைய எண்ணைத் தரவே முடியாது. தொடக்க நிலையை யாரும் அளந்து வைக்காவிட்டால், எத்தனை நேர்மையான மதிப்பீட்டாளர் வந்தாலும் ஒப்பிடுவதற்கு அவரிடம் எதுவும் இருக்காது.

கேள்வி: எங்கள் ஊராட்சிக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் இரண்டு நாள் தங்கி எல்லாரையும் கேள்வி கேட்டுச் சென்றார்கள். அறிக்கை என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. யாரைக் கேட்பது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஆய்வை ஒப்படைத்த துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இறுதி அறிக்கையை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆய்வு நிறுவனத்துக்குத் தரப்பட்ட பணி வரையறையின் நகலையும், அறிக்கையின் மேல் துறை எடுத்த நடவடிக்கை விவரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். எதைப் பார்த்து வரச் சொல்லி அனுப்பினார்கள், எதைப் பார்க்காமல் விடச் சொன்னார்கள் என்பது அந்தப் பணி வரையறையில் இருக்கும்.